பிக்கியின் பெயர் என்ன?

சென்ற பருவத்தில் இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவர்களின் விடைத்தாள்கள் திருத்துவதற்காக என் மேசைக்கு வந்தன. பேராசிரியரிடம் போக வேண்டிய தாள்களை ஆய்வு மாணவர் திருத்துவது நம் வளாகங்களில் எழுதப்படாத விதி. மொத்தம் 42 தாள்கள். 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவலில் ரால்ஃப், ஜாக் இருவரின் தலைமைப் பாணியை ஒப்பிடுக என்பது பத்து மதிப்பெண் கேள்வி.

ஏறக்குறைய எல்லோரும் பக்கத்தின் நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டிருந்தார்கள். இடப்பக்கம் ரால்ஃப்: ஜனநாயகவாதி, கூட்டம் நடத்துகிறான், எல்லோரையும் பேச விடுகிறான், மீட்புக்காகத் தீ மூட்டச் சொல்கிறான். வலப்பக்கம் ஜாக்: சர்வாதிகாரி, வேட்டையாடுகிறான், பயமுறுத்துகிறான், அடிக்கிறான். எல்லா கைடுகளிலும் இருக்கும் அதே அட்டவணை. பிக்கி என்ற சிறுவனுக்கு அதில் கட்டமே இல்லை. சிலர் மட்டும் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: ரால்ஃபின் விசுவாசமான ஆலோசகன்.

ஒரே ஒரு தாளில், அந்த அட்டவணைக்குக் கீழே, பென்சிலால் பொடி எழுத்தில் தமிழில் ஒரு கேள்வி இருந்தது: "பிக்கியோட உண்மையான பேரு என்ன சார்? புக் முழுக்கத் தேடிட்டேன், இல்ல."

இதற்கு மதிப்பெண் போட விடைக்குறிப்பில் இடமில்லை. ஆனால் பக்கத்தின் நடுவே போட்ட அந்தக் கோட்டை இந்தக் கேள்வி அழித்துவிடுகிறது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கதையும் அதன் வழக்கமான பாடமும்

நாவலைப் படிக்காத தோழர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். வில்லியம் கோல்டிங் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படையில் இருந்தவர். பிறகு இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகரில் பள்ளி ஆசிரியர். இந்த நாவல் 1954இல் வெளியானது. 1983இல் அவருக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஒரு போரின்போது விமானத்தில் அழைத்துச் செல்லப்படும் பிரிட்டிஷ் சிறுவர்கள், விமானம் வீழ்த்தப்பட்டு ஆளில்லாத் தீவொன்றில் ஒதுங்குகிறார்கள். பெரியவர்கள் யாரும் இல்லை. சங்கு ஊதிக் கூட்டம் கூட்டுகிறார்கள். ரால்ஃபைத் தலைவனாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். சங்கு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பேச்சுரிமை என்று விதி வகுக்கிறார்கள். கப்பல்களுக்குத் தெரியும்படி மலையுச்சியில் புகை எழுப்புவது ரால்ஃபின் திட்டம். பன்றி வேட்டை ஜாக்கின் மோகம். மெல்ல மெல்லக் கூட்டம் சிதறுகிறது. ஜாக் தனிக் கூட்டம் அமைக்கிறான். சைமன் என்ற சிறுவன் கும்பலால் அடித்துக் கொல்லப்படுகிறான். பிக்கி பாறை உருட்டிக் கொல்லப்படுகிறான். கடைசியில் ரால்ஃபை வேட்டையாடத் தீவுக்கே தீ வைக்கிறார்கள். அந்தப் புகையைப் பார்த்து ஒரு போர்க்கப்பல் வருகிறது.

இந்த நாவலிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்து விற்கிறார்கள். முதலாவது, தலைமைப் பண்புப் பட்டறைகளில் விற்கப்படுவது: தலைவர்கள் இரண்டு வகை, நல்ல வகையைத் தேர்ந்தெடுத்துக்கொள். இரண்டாவது, அதைவிட ஆபத்தானது: மனிதன் இயல்பிலேயே மிருகம், கட்டுப்பாடு தளர்ந்தால் இப்படித்தான் ஆகும், ஆகவே கண்டிப்பான ஒரு கை மேலே இருக்க வேண்டும். ஜாக்கைப் பற்றிய எச்சரிக்கையாக எழுதப்பட்ட கதையைப் படித்துவிட்டு ஜாக் வேண்டும் என்று முடிப்பவர்கள் இவர்கள். இந்த இரண்டுமே பிக்கியைத் தாண்டிக் குதித்துப் போகின்றன.

முதல் நாள் என்ன நடந்தது?

நாவலின் முதல் அத்தியாயத்தைப் பொறுமையாகப் படியுங்கள். தீவில் முதலில் சந்தித்துக்கொள்வது ரால்ஃபும் பிக்கியும்தான். ரால்ஃப் கடற்படை அதிகாரியின் மகன். உயரமானவன், அழகானவன். பிக்கி அப்பா இல்லாத பையன். மிட்டாய்க் கடை வைத்திருக்கும் அத்தையிடம் வளர்ந்தவன். குண்டு உடல், ஆஸ்துமா, தடித்த கண்ணாடி. அவன் பேசும் ஆங்கிலமே அவன் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவன் என்று காட்டிக்கொடுத்துவிடும். பிக்கி ரால்ஃபின் பெயரைக் கேட்கிறான். பதிலுக்குத் தன் பெயரையும் கேட்பான் என்று காத்திருக்கிறான். ரால்ஃப் கேட்கவே இல்லை.

பள்ளியில் வைத்த பட்டப்பெயரைச் சொல்லி மட்டும் கூப்பிட வேண்டாம் என்று பிக்கி தானே வாய்விட்டுச் சொல்கிறான். அது பன்றிக்குட்டி என்று பொருள்படும் பெயர். ரால்ஃப் விழுந்து விழுந்து சிரிக்கிறான். மற்றவர்களிடம் சொல்லிவிடாதே என்று பிக்கி கெஞ்சுகிறான். சற்று நேரத்தில் எல்லோரும் கூடியிருக்கும்போது, பேச வந்த பிக்கியை ஜாக் உடலைச் சொல்லி இழிவு செய்கிறான். ரால்ஃப் குறுக்கிட்டு, அது அவன் பெயரில்லை என்று திருத்தி, அந்தப் பட்டப்பெயரையே அவன் நிஜப் பெயராக எல்லோருக்கும் அறிவிக்கிறான். கூட்டமே சிரிக்கிறது. மிகச் சிறிய பையன்கள்கூடச் சிரிக்கிறார்கள். அந்த நொடியில் பிக்கியைத் தவிர மற்ற எல்லோரும் ஒன்றாகிவிடுகிறார்கள்.

இன்னும் தேர்தல் நடக்கவில்லை என்பதை மறக்க வேண்டாம். தேர்தலுக்கு முன்பே அந்தத் தீவில் ஒரு சமூகம் உருவாகிவிட்டது. ஒருவனைப் பார்த்து மற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து சிரித்ததுதான் அதன் முதல் ஒற்றுமை. அந்தச் சிரிப்பைத் தொடங்கி வைத்தவன் ஜனநாயகத் தலைவன்.

பிறகு தேர்தல். தேவாலயப் பாடகர் குழுவின் தலைவனான ஜாக், பள்ளியில் தான் வகித்த பதவியைச் சொல்லித் தலைமையைக் கேட்கிறான். அவன் குழுவினர் வேறு வழியின்றி அவனுக்குக் கை தூக்குகிறார்கள். மற்றவர்கள் ரால்ஃபுக்குக் கை தூக்குகிறார்கள். ஏன் ரால்ஃப்? அதுவரை வெளிப்பட்ட அறிவெல்லாம் பிக்கியுடையது என்று கோல்டிங்கே சொல்லிவிடுகிறார். அந்தப் பொருள் சங்கு என்று அடையாளம் கண்டவன் பிக்கி. அதை ஊதினால் எல்லோரும் வருவார்கள், கூட்டம் போடலாம் என்று யோசனை சொன்னவன் பிக்கி. ஆஸ்துமாவால் அவனால் ஊத முடியவில்லை, அதனால் ரால்ஃப் ஊதினான். சிறுவர்கள் சங்கு வைத்திருந்த அழகான பையனுக்கு வாக்களித்தார்கள். பாடகர் குழுவுக்கு வெளியே கடைசியாக, தயங்கித் தயங்கி உயர்ந்த கை பிக்கியுடையது. கைடுகள் அவனுக்கு விசுவாசி என்று பட்டம் கொடுக்கின்றன. அந்தத் தயக்கத்தை அவை படித்ததே இல்லை.

வென்ற உடனே ரால்ஃப் செய்வது என்ன? தோற்ற ஜாக்கின் முகம் சிவந்திருப்பதைப் பார்த்து, பாடகர் குழு உன்னுடையதுதான் என்று அவனிடமே ஒப்படைக்கிறான். அவர்கள் வேட்டைக்காரர்களாக இருக்கட்டும் என்று முடிவாகிறது. தீவின் ஒரே ஒழுங்கமைக்கப்பட்ட படை, வாக்கில் தோற்றவனின் தனிச் சொத்தாகிறது. அதே நாளில் தீவைச் சுற்றிப் பார்க்கப் போகும் குழுவில் தன்னையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லும் பிக்கியை ஒதுக்கிவிட்டு, ரால்ஃப் ஜாக்கையும் சைமனையும் அழைத்துப் போகிறான். பட்டப்பெயரை ஏன் சொன்னாய் என்று பிக்கி வருந்தும்போது, அதைவிட மோசமான பெயருக்கு இது மேல் என்று சமாதானம் சொல்கிறான். பிறகு அவனுக்கு ஒரு வேலை கொடுக்கிறான்: திரும்பிப் போய் எல்லோருடைய பெயர்களையும் எழுது.

தோற்ற உயர்குடிப் பையனுக்குப் படை. அடித்தட்டுப் பையனுக்கு எழுத்தர் வேலை. அவமானத்துக்கு மன்னிப்பு என்ற பெயரில் ஒரு அரைச் சிரிப்பு. இதுதான் அட்டவணையின் இடப்பக்கத்தில் இருக்கும் ஜனநாயகம்.

கண்ணாடி இரண்டு முறை பறிக்கப்பட்டது

பிக்கியின் கண்ணாடியை ஜாக்கின் கும்பல் இரவில் வந்து அடித்துப் பிடுங்கிக்கொண்டு போவது எல்லோருக்கும் நினைவிருக்கும். சர்வாதிகாரத்தின் கொடுமைக்கு உதாரணமாக எல்லா விடைத்தாளிலும் அது இருந்தது. ஆனால் அது இரண்டாவது பறிப்பு.

முதல் பறிப்பு இரண்டாம் அத்தியாயத்தில், ஜனநாயக ஆட்சியில் நடக்கிறது. மலையுச்சியில் விறகு குவித்தாயிற்று, பற்றவைக்க வழியில்லை. ஜாக் பிக்கியின் கண்ணாடியைச் சுட்டிக்காட்டுகிறான். பையன்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். பிக்கி கத்தக் கத்த முகத்திலிருந்து கண்ணாடி பறிக்கப்படுகிறது. அதை வாங்கிச் சூரிய ஒளியைக் குவித்துத் தீ மூட்டுபவன் யார்? தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவன் ரால்ஃப். யாரும் பிக்கியிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கவே மாட்டான் என்று சொல்ல முடியுமா? கண் தெரியாமல் தடுமாறும் ஒருவனின் பார்வையை எடுத்துப் பொது நன்மைக்குத் தீ மூட்டுகிறார்கள். நோக்கம் நல்லது என்பதால் யாருக்கும் அது களவாகத் தெரியவில்லை.

அதே மலையில் இன்னொன்றும் நடக்கிறது. சங்கு தன் கையில் இருக்கிறது, பேசவிடுங்கள் என்கிறான் பிக்கி. மலையுச்சியில் சங்கு செல்லாது என்கிறான் ஜாக். விதி வகுத்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அரசியல் சட்டத்தின் முதல் இடைநிறுத்தம் இது. ரால்ஃப் தடுக்கவில்லை. ஏன்? பறிபோனது பிக்கியின் பேச்சுரிமை. அவனுடையதுதானே போனால் போகட்டும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பின்னாளில் தீவின் இந்தப் பக்கம் சங்கு செல்லாது என்று ஜாக் அறிவிக்கும்போது ரால்ஃபின் உரிமையும் சேர்ந்து போகிறது. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மதிப்பில்லாதவர் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒருவரிடம்தான் சட்டத்தை மீறுவதற்கான முதல் ஒத்திகை நடக்கும். இதைப் புரிந்துகொள்ள நாவல் படிக்க வேண்டிய அவசியம் இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு இல்லை.

அன்று மூட்டிய தீ கட்டுக்கடங்காமல் காட்டில் பரவுகிறது. முகத்தில் மச்சமுள்ள ஒரு சிறு பையன் அதன்பிறகு காணவே இல்லை. எங்கே அவன் என்று கேட்பது பிக்கி. பெயர்ப் பட்டியல் எங்கே என்று அவனையே திருப்பிக் கேட்கிறார்கள். நீங்கள் எல்லோரும் தீ என்றதும் மலைக்கு ஓடிவிட்டீர்கள், நான் ஒருவன் எப்படி எழுதுவது என்கிறான் அவன். நாவல் முடியும்போது வந்து நிற்கும் கடற்படை அதிகாரி, நீங்கள் மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கிறார். ரால்ஃப் தலையை மட்டும் அசைக்கிறான். தலைவன் நானே என்று சொல்லத் தெரிந்த ரால்ஃபுக்கு எத்தனை பேருக்குத் தலைவன் என்று சொல்லத் தெரியவில்லை.

ஜாக் வாக்கில் வென்றதே இல்லை

இதையெல்லாம் படித்துவிட்டு ரால்ஃபும் ஜாக்கும் ஒன்றுதான் என்று யாராவது முடிவுக்கு வந்தால் அது தவறு. அந்தத் தவறை நம் பக்கத்திலும் பலர் செய்கிறோம். தேர்தல் என்பதே ஏமாற்று, இவனும் அவனும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை என்று சலிப்போடு பேசுவது முற்போக்கு என்று நினைக்கிறோம்.

ஜாக் எப்படி அதிகாரத்துக்கு வந்தான் என்று பாருங்கள். முதல் தேர்தலில் தோற்றான். பிறகு தானே சங்கை ஊதிக் கூட்டம் கூட்டி, ரால்ஃப் தலைவனாக இருக்கக் கூடாது என்பவர்கள் கை தூக்குங்கள் என்றான். ஒரு கைகூட எழவில்லை. அழுதுகொண்டே, இனி உங்களோடு விளையாட மாட்டேன் என்று போய்விட்டான். அதற்குப் பிறகுதான் பையன்கள் ஒவ்வொருவராக, ரால்ஃபின் கண்ணில் படாமல், அவனிடம் நழுவிப் போகிறார்கள். வெளிப்படையாகக் கை தூக்கிச் சொல்ல வெட்கப்பட்டதை இருட்டில் கால்களால் சொன்னார்கள்.

அவன் கொடுத்தது மூன்று. ஒன்று இறைச்சி. ரால்ஃபின் கூட்டங்களில் முடிவுகள் எடுக்கப்பட்டன, ஆனால் குடில் கட்ட ரால்ஃபும் சைமனும்தான் மிஞ்சினார்கள். ஜாக்கின் இடத்தில் அன்றன்று பசி தீர்ந்தது. அந்த இறைச்சி உரிமையாக வரவில்லை, ஜாக் கொடுக்கும் தானமாக வந்தது. விருந்தில் அவன் மாலை சூடி, வண்ணம் பூசி, மரக்கட்டைமேல் சிலைபோல உட்கார்ந்திருக்கிறான். நான் உணவு கொடுத்தேன், என்னோடு யார் வருகிறீர்கள் என்கிறான். இரண்டாவது, பயம். மலையில் மிருகம் இருக்கிறது என்ற பீதி. அங்கே கிடந்தது பாராசூட்டில் இறந்து விழுந்த ஒரு போர்வீரனின் உடல். சைமன் அதைக் கண்டுபிடித்துச் சொல்ல ஓடி வருகிறான், அவனையே மிருகம் என்று சொல்லிக் கொல்கிறார்கள். மறுநாள், மிருகம் மாறுவேடத்தில் வந்தது, மீண்டும் வரும் என்கிறான் ஜாக். சாகாத எதிரி ஒருவன் இருந்தால்தான் காவலனுக்கு வேலை. மூன்றாவது, முகப்பூச்சு. வண்ணத்துக்குப் பின்னால் வெட்கம் போய்விட்டது, தனித்த பொறுப்பும் போய்விட்டது. வில்ஃப்ரெட் என்ற பையனைக் கட்டிப்போட்டு அடிக்க உத்தரவிடுகிறான் ஜாக். ஏன் என்று யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை.

கண்ணாடியைப் பிடுங்க இரவில் வந்தபோது சங்கு பக்கத்தில்தான் இருந்தது. அவர்கள் சங்குக்காகத்தான் வருகிறார்கள் என்று பிக்கி நினைத்தான். அவர்கள் அதைத் தொடவே இல்லை. ஜாக்குக்குச் சங்கு தேவையில்லை.

ரால்ஃப் இருந்த இடத்தில் கூட்டம் கூட்டிக் கேள்வி கேட்க முடிந்தது. பிக்கியால்கூட. ஜாக் இருந்த இடத்தில் அது முடியாது. இந்த வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. நான் கேட்பது வேறு: வாக்கில் வெல்லவே முடியாத ஒருவனிடம் அந்த ஜனநாயகம் ஏன் தோற்றது?

அம்பேத்கர் முன்கூட்டியே சொன்னது

இந்த நாவல் வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1949 நவம்பர் 25 அன்று, அரசியல் நிர்ணய சபையில் புரட்சியாளர் அம்பேத்கர் ஆற்றிய உரையில் இதற்கான விடை இருக்கிறது. அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்றார். அந்த முரண்பாட்டை விரைவில் களையாவிட்டால் பாதிக்கப்பட்டவர்கள் இந்த அமைப்பையே தகர்த்துவிடுவார்கள் என்று எச்சரித்தார். ஒரு பெரிய மனிதனின் காலடியில் தம் சுதந்திரத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்கான வழி என்றார். ஒரே உரையில் இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று ஜாக்கைப் பற்றியது, மற்றது ரால்ஃபைப் பற்றியது. நாம் முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டிவிட்டு இரண்டாவதை வசதியாக விட்டுவிடுகிறோம்.

அதற்கும் முன்னால், 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில், ஜனநாயகம் என்பது வெறும் ஆட்சிமுறை அல்ல, சேர்ந்து வாழும் முறை, சக மனிதரை மதிக்கும் மனநிலை என்று எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் எடுத்த ஜான் டூயியிடமிருந்து எடுத்த கருத்தைச் சாதியின் மண்ணில் வைத்துக் கூர்மையாக்கினார். அந்த அளவுகோலில் ரால்ஃபின் தீவில் ஆட்சிமுறை இருந்தது, சேர்ந்து வாழ்தல் இல்லை.

இதை எனக்கு அம்பேத்கரைப் படிப்பதற்கு முன்பே வாழ்க்கை கற்றுக்கொடுத்தது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வளாகத்தில் உதவித்தொகை மாதக்கணக்கில் நிலுவையில் இருந்தது. ஆய்வு மாணவர் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினோம். முற்போக்கான தோழர்கள், நல்லவர்கள். மனுவை எழுதியவன் நான். அரசாணைகளைத் தேடி எடுத்தவன் நான். நிர்வாகத்தைச் சந்திக்க மூன்று பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு தோழர் தோளில் கை போட்டுச் சொன்னார்: "நீங்க இங்க இருந்தாத்தான் சரியா இருக்கும் தோழர். கையெழுத்து எல்லாம் வாங்கிடுங்க." தேர்ந்தெடுக்கப்பட்ட மூவரும் நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள். மூவரும் எந்தச் சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுக்குத் தற்செயல். என் விடுதி அறையில் எனக்கு என் ஊர்ச் சேரியின் பெயரையே பட்டப்பெயராக வைத்திருந்தார்கள். அன்பாகத்தான் கூப்பிடுகிறோம் என்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

அடுத்த ஆண்டு ஒரு வேகமான கோஷ்டி அந்த அமைப்பைக் கைப்பற்றியது. பொதுக்குழு கூட்டுவதால் நேரம்தான் வீணாகிறது, ஒருவர் முடிவெடுத்தால் போதும் என்றார்கள். அதை எதிர்த்துக் கடைசிப் பொதுக்குழுவைக் காப்பாற்ற ஆள் திரட்டினார்கள் பழைய தோழர்கள். எனக்கும் போன் வந்தது. நான் போகவில்லை. நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கோபம்கூட இல்லை. அது என் வீடு என்ற எண்ணமே வரவில்லை, அவ்வளவுதான். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அந்த அமைப்பில் வாக்கெடுப்பு நடக்கவில்லை.

நான் செய்தது சரி என்று சொல்ல வரவில்லை. தவறு. பிக்கி என்னைவிடப் பெரியவன். பறிகொடுத்த கண்ணாடியைக் கேட்க, கண் தெரியாத நிலையில், கோட்டைப் பாறைக்குச் சங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போகிறான். பலமானவன் என்பதற்காகக் கொடுக்காதே, நியாயம் என்பதற்காகக் கொடு என்று கேட்கப் போகிறான். ரோஜர் நெம்பிய பாறை அவன்மேல் விழும்போது சங்கும் அவன் கையில் நொறுங்குகிறது. தன் பெயரைக்கூடக் கேட்காத ஜனநாயகத்துக்காகச் செத்தவன் அவன். எல்லா ஒடுக்கப்பட்டவரும் அப்படிச் சாகத் தயாராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எந்தத் தலைவருக்கும் உரிமை இல்லை.

பிக்கியும் புனிதன் இல்லை

இங்கே நிறுத்தினால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் நாவல் விடவில்லை. தன் கடைசிப் பேச்சில் வண்ணம் பூசிய ஜாக்கின் கூட்டத்தைத் திட்ட பிக்கி பயன்படுத்துவது கறுப்பின மக்களை இழிவுசெய்யும் ஒரு சொல். 1954 பதிப்பில் இருந்த அந்தச் சொல்லைப் பிந்தைய பதிப்புகள் மாற்றின. சொல்லை மாற்றினாலும் சிந்தனை மாறாது. பிரிட்டிஷ் பிள்ளைகள் நாகரிகமானவர்கள், வண்ணம் பூசியவர்கள் காட்டுமிராண்டிகள் என்ற காலனிய நம்பிக்கையில் பிக்கிக்கும் பங்கு உண்டு. தனக்கு மேலே இருப்பவர்கள் மிதிக்கும்போது, தனக்குக் கீழே யாரோ இருக்கிறார்கள் என்பதில் ஆறுதல் தேடுகிறான். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னது இந்த நோயைத்தான்.

என் கதையிலும் அது உண்டு. உதவித்தொகைக் கூட்டம் நடந்த அறையைத் தினமும் சுத்தம் செய்த ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர், ஒருநாள் வாசலில் நின்று, "தம்பி, எங்களுக்கும் மூணு மாசமா சம்பளம் வரல, அதையும் சேத்து எழுதுவீங்களா?" என்று கேட்டார். "அக்கா, இது ஸ்காலர்ஸ் மீட்டிங்" என்று பதில் சொன்னவன் வேறு யாருமில்லை, நான்தான். மனுவை எழுதும் பேனா என் கையில் இருந்தது. அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மனித இயல்பே இப்படித்தான் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு பதில். 1965இல் டோங்கா நாட்டில் ஆறு பள்ளி மாணவர்கள் படகில் புறப்பட்டுப் புயலில் சிக்கி, 'அட்டா' என்ற ஆளில்லாத் தீவில் ஒதுங்கினார்கள். ஏறத்தாழ 15 மாதங்கள் கழித்து, 1966இல் பீட்டர் வார்னர் என்ற ஆஸ்திரேலியர் அவர்களைக் கண்டுபிடித்தபோது ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். முறை வைத்து வேலைகளைப் பிரித்துக்கொண்டு, தீ அணையாமல் காத்து, கால் உடைந்த ஒருவனைப் பராமரித்துக் குணமாக்கியிருந்தார்கள். மனிதர் எல்லோரும் நல்லவர் என்று இதிலிருந்து நான் நிறுவ வரவில்லை. ஆனால் ஜாக்கின் கொடூரம் இயற்கையில் முளைத்தது என்று இனியும் சொல்ல முடியாது. வெயிலில் கறுப்பு அங்கியோடு வரிசையாக நடந்து வந்த அவனது பாடகர் குழு ஒரு பள்ளியின் தயாரிப்பு. பதவி இருப்பதால் தலைமை என்னுடையது என்ற அவன் நினைப்பும், பிக்கியைப் பார்த்ததும் எழுந்த அந்தக் கூட்டுச் சிரிப்பும் விமானத்திலேயே அவர்களோடு வந்தவை. கற்றுக்கொடுக்கப்பட்டது எதுவும் மாற்றப்படக் கூடியதே. சாதி இயற்கை என்று சொல்வோரிடம் நாம் நூறு ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதுதானே?

குறிப்பேட்டைத் திறந்து பாருங்கள்

பிக்கி செத்த பிறகு ரால்ஃப் அவனை உண்மையான, அறிவார்ந்த நண்பனாக நினைத்து அழுகிறான். அப்போதும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லித்தான் அழ முடிகிறது, வேறு பெயர் அவனுக்குத் தெரியாது. நம் இரங்கல் கூட்டங்கள் சிலவற்றிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

இன்றைய ஜாக்குகளை அடையாளம் காண நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ரால்ஃபுகளாக இருக்கும் நம்மை அடையாளம் காண்பதுதான் கடினம். தோழர்களே, உங்கள் வாசகர் வட்டத்தின், மாணவர் அமைப்பின், தொழிற்சங்கத்தின் கடைசி ஐந்து கூட்டங்களின் குறிப்பேட்டை எடுத்துப் பாருங்கள். பேசியவர்கள் யார்? குறிப்பு எழுதியவர் யார்? நாற்காலி அடுக்கியவர், தேநீர் வாங்கி வந்தவர் யார்? பேச்சுவார்த்தைக்குப் போன மூவர் யார்? அந்தப் பட்டியல் ஐந்து முறையும் மாறாமல் இருந்தால், உங்கள் சங்கு ஏற்கெனவே கீறல் விட்டிருக்கிறது. எழுதுகிறவரைப் பேச அனுப்புங்கள். பேசுகிறவரைப் பெயர் எழுத உட்கார வையுங்கள். பட்டப்பெயரை முதல்முறை கேட்கும்போதே நிறுத்துங்கள். யாருடைய முறையும் "இது முக்கியமான நேரம்" என்ற காரணத்துக்காகப் பறிக்கப்பட விடாதீர்கள், குறிப்பாக அந்த அறையில் மிகக் குறைவாக மதிக்கப்படுபவரின் முறை. இவை மரியாதை நிமித்தமான காரியங்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு நாள் உங்கள் பொதுக்குழுவைக் காப்பாற்றப் போன் செய்யும்போது எத்தனை பேர் வருவார்கள் என்பதை இவைதான் முடிவு செய்யும்.

பென்சிலில் கேள்வி எழுதிய அந்தத் தாளுக்கு விடைக்குறிப்பின்படி ஆறு மதிப்பெண் போட்டேன். கேள்விக்குப் பக்கத்தில், கோல்டிங் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, ஏனென்றால் அந்தத் தீவில் யாரும் அவனிடம் கேட்கவில்லை என்று எழுதினேன். அன்று மாலை துறை வளாகத்தில் அந்த ஒப்பந்தத் தொழிலாளியைத் தேடிப் போனேன். ஒப்பந்த நிறுவனம் மாறிவிட்டது, பழைய ஆட்கள் யாரும் இல்லை என்றார்கள். அவர் பெயர் என்ன என்று கேட்டேன். அங்கே யாருக்கும் தெரியவில்லை.